யாரும் காக்காத கோல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கால்பந்துப் பைத்தியம். 2026 உலகக்கோப்பைக்கான தகுதிச்சுற்றுப் பட்டியலை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"தாத்தா, ஐரோப்பாவுல ரஷ்யா பேரே இல்லையே, தோத்துட்டாங்களா?"

"தோக்கலடா. ஆடவே விடல."

"ஏன்?"

"உக்ரைன் மேல படையெடுத்தாங்க இல்லையா, அதனால."

"அப்போ படையெடுக்கிற நாட்டை எல்லாம் நிறுத்திடுவாங்களா?"

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன் நின்றவன் நான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. "அது பெரிய கதைடா, சாயங்காலம் சொல்றேன்" என்று சமாளித்தேன். சாயங்காலம் அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பள்ளிகளுக்கிடையே குறுவட்டப் போட்டி நடத்தியவர்களுக்கு 'வாக்ஓவர்' என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். எதிரணி வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு நடுவர் விசில் ஊதுவார். வந்த அணி வென்றதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான். எதிரணி ஏன் வரவில்லை என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமே இருக்காது.

உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றிலும் இப்படித்தான். அதில் நடந்த வாக்ஓவர்களிலேயே என்னை மிகவும் உலுக்கியது 1973இல் சிலி நாட்டில் நடந்தது.

1974 உலகக்கோப்பையில் ஓர் இடம். அதற்கு சிலியும் சோவியத் யூனியனும் மோத வேண்டும். ஓர் ஆட்டம் மாஸ்கோவில், இன்னொன்று சிலியின் தலைநகர் சாந்தியாகோவில். முதல் ஆட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், செப்டம்பர் 11 அன்று, சிலியில் ராணுவப் புரட்சி. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தே அதிபர் மாளிகையிலேயே இறந்தார். தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்தார். வீட்டில் என்ன நிலைமை என்றே சரியாகத் தெரியாமல் சிலி வீரர்கள் மாஸ்கோ போய் ஆடினார்கள். செப்டம்பர் 26 அன்று நடந்த அந்த ஆட்டம் 0-0 என்று சமனில் முடிந்தது.

அடுத்த ஆட்டம் சாந்தியாகோவின் தேசிய மைதானத்தில். ஆனால் அந்த மைதானம் அப்போது மைதானமாக இல்லை, சிறையாக இருந்தது. புதிய ஆட்சி பிடித்து வந்த ஆயிரக்கணக்கான பேரை அங்கேதான் அடைத்திருந்தார்கள். உடை மாற்றும் அறைகளிலும் படிக்கட்டுகளுக்கு அடியிலும் மனிதர்களை வைத்து விசாரித்தார்கள், அடித்தார்கள், சிலரைக் கொன்றார்கள்.

"அங்கே ஆட மாட்டோம், பொதுவான வேறு நாட்டில் வையுங்கள்" என்று சோவியத் சங்கம் கேட்டது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நேரில் பார்த்துவர இரண்டு பேரை அனுப்பியது. ஒருவர் பொதுச் செயலாளர், இன்னொருவர் துணைத் தலைவர். அக்டோபர் மாதம் அவர்கள் மைதானத்துக்கு வந்தபோது கைதிகள் உள்ளேதான் இருந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் படாதபடி அவர்களைக் கீழே அடைத்து வைத்திருந்தார்கள். அப்படி அடைபட்டிருந்தவர்களே பின்னாளில் இதைச் சொன்னார்கள். வந்த இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். நிலைமை சகஜமாக இருக்கிறது, ஆட்டம் நடத்தலாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இங்கே இன்னொரு விஷயம். பொதுவான இடத்தில் ஆடுவது சிலிக்குப் புதிதே அல்ல. அதே தகுதிச்சுற்றில் அதே ஆண்டு ஆகஸ்டில் பெருவுடன் சிலி ஆடிய கடைசி ஆட்டம் உருகுவே நாட்டின் மொந்தெவிதியோ நகரத்தில்தான் நடந்தது. இரண்டு அணிகளும் சமநிலையில் இருந்ததால் விதிப்படி பொது இடம். ஆக, அந்தத் தகுதிச்சுற்றின் விதிக்குப் பொது இடம் என்றால் என்ன என்று தெரியும். கோல் கணக்கு சமமாக இருந்தால் இடத்தை மாற்றலாம், மைதானத்துக்குள் மனிதர்கள் வதைபட்டால் மாற்ற முடியாது. அன்றைய நியாயம் அது.

சோவியத் அணி போகவில்லை. ஆட்டத்துக்கு முன்பே கைதிகளை அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். பலரை வடக்கே அட்டகாமா பாலைவனத்தில் சாகபுகோ என்ற முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

1973 நவம்பர் 21. சிலி அணி சீருடையில் களம் இறங்கியது. நாட்டுப்பண் இசைத்தார்கள். ஆயிரக்கணக்கில் பார்வையாளர்களும் இருந்தார்கள். எதிரே ஒருவர்கூட இல்லை. நடுவர் விசில் ஊதினார். சில வீரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டு முன்னே போனார்கள். தடுக்க யாரும் இல்லை. கோல் கம்பத்துக்கு மிக அருகே போய், கேப்டன் பிரான்சிஸ்கோ வால்டெஸ் பந்தை உள்ளே தள்ளினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோல் விழுந்த பிறகு எதிரணி நடுவிலிருந்து பந்தைத் தொடங்க வேண்டும், தொடங்க எதிரணி இல்லை. ஆட்டம் முடிந்தது. ஏட்டில் 2-0 என்று எழுதிக்கொண்டார்கள்.

வந்த கூட்டத்துக்காக பிரேசிலின் சாண்டோஸ் அணியை அழைத்து ஒரு நட்பு ஆட்டமும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதில் சிலி 0-5 என்று தோற்றது.

அன்று களத்தில் இருந்தவர்களில் ஒருவர் கார்லோஸ் காஸ்லி. அயெந்தேயை ஆதரித்தவர். உலகக்கோப்பைக்குப் புறப்படும் முன் பினோசே அணியைச் சந்திக்க வந்தபோது, அவருக்குக் கைகொடுக்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். அவருடைய தாயாரை ராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போய் வதைத்தார்கள். அந்த அம்மா அதை வெளியே சொன்னது 1988இல். பினோசே தொடரலாமா வேண்டாமா என்று நடந்த பொது வாக்கெடுப்பின்போது, 'வேண்டாம்' பக்கத்தின் தொலைக்காட்சிப் பிரசாரத்தில் அவர் பேசினார். பேசி முடித்ததும் பக்கத்தில் மகன் காஸ்லி வந்து நின்று, இது என் அம்மா என்றார். 'வேண்டாம்' பக்கம் வென்றது.

யாரும் காக்காத கோலில் பந்தைத் தள்ளிய அணியில் இப்படி ஒருவரும் இருந்தார். ஆகவே அந்த வீரர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். துப்பாக்கிக்கு நடுவில் நின்றவர்களுக்கு நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மார்க் போடக் கூடாது.

சோவியத் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மனிதர்களை முகாம்களில் அடைத்து வதைத்த வரலாறு அந்த நாட்டுக்கும் உண்டு. ஆனால் கேட்டவர் யார் என்பது ஒன்று, கேட்டது சரியா என்பது வேறு. வீட்டுப்பாடம் எழுதாத பையன் எழுந்து "சார், கூட்டல் தப்பு" என்றால், முதலில் கூட்டலைத்தான் சரிபார்க்க வேண்டும். அவன் வீட்டுப்பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி இன்னொரு மாதிரி வாக்ஓவர். 1958 உலகக்கோப்பைக்கு ஆசிய, ஆப்பிரிக்கப் பிரிவில் இஸ்ரேல் இருந்தது. துருக்கி, இந்தோனேசியா, சூடான் ஒவ்வொன்றாக விலகின. காரணங்கள் வேறு வேறு. விளைவு, ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடாமல் இஸ்ரேல் பிரிவின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அப்போது ஃபிஃபா, போட்டியை நடத்தும் நாடும் நடப்புச் சாம்பியனும் தவிர வேறு யாரும் ஆடாமல் உள்ளே வரக் கூடாது என்றது. மற்ற பிரிவுகளில் இரண்டாவதாக வந்து வெளியேறியவர்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு, வேல்ஸ் நாட்டுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். வேல்ஸ் இரண்டு ஆட்டங்களிலும் 2-0 என்று வென்று உலகக்கோப்பைக்குப் போனது. கால் இறுதி வரை போய், பதினேழு வயது பெலே அடித்த ஒரே கோலில் பிரேசிலிடம் தோற்றது. வேல்ஸ் அடுத்த முறை உலகக்கோப்பைக்குப் போக 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் ஒரு கிளைக்கதை. வேல்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி மர்ஃபி, மான்செஸ்டர் யுனைடெட் அணியின் துணைப் பயிற்சியாளரும்கூட. இஸ்ரேலுடனான இரண்டாவது ஆட்டம் கார்டிஃப் நகரில் 1958 பிப்ரவரி 5 அன்று. அதனால் அவர் யுனைடெட் அணியுடன் வெளிநாடு போகவில்லை. மறுநாள் மியூனிக்கில் அந்த அணி வந்த விமானம் விபத்துக்குள்ளானது. நாடுகள் அரசியல் காரணத்தால் ஆடாமல் விலகியதன் தொடர்ச்சியில் ஒரு மனிதர் உயிரோடு இருந்தார். வாழ்க்கை போடும் கணக்கு நமக்குப் புரிவதில்லை.

மூன்றாவது, எனக்குப் பிடித்த கதை. 1966 உலகக்கோப்பை. மொத்தம் பதினாறு இடம். ஐரோப்பாவுக்குப் பத்து, தென்னமெரிக்காவுக்கு நான்கு, வட, மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் சேர்த்து ஒன்று. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! ஆப்பிரிக்காவில் முதலாவதாக வருகிற நாடு அதன் பிறகும் ஆசியாவில் முதலாவதாக வருகிற நாட்டை வென்றால்தான் உள்ளே போகலாம். ஒரு வகுப்பில் முன் பெஞ்சு மாணவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிட்டு, பின்னால் இருக்கிற மூன்று பெஞ்சுக்கும் சேர்த்து ஒரு புத்தகம் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி.

கானா அப்போது ஆப்பிரிக்கச் சாம்பியன். அதன் அதிபர் குவாமே என்க்ரூமா, அங்கே விளையாட்டுத் துறையை நடத்திய ஓஹேனே ஜான் இருவரும் முன்னால் நின்றார்கள். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை ஃபிஃபா தாங்கிப் பிடித்ததும் ஆப்பிரிக்கர்களின் கோபத்துக்கு ஒரு காரணம். பதினைந்து ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து விலகின. ஃபிஃபா அபராதம் போட்டது. அவர்கள் அசையவில்லை.

அந்த ஒற்றை இடம் கடைசியில் வடகொரியாவுக்குப் போனது. ஆஸ்திரேலியாவை கம்போடியாவின் புனோம் பென் நகரில் பொது இடத்தில் இரண்டு முறை வென்று அது இங்கிலாந்து போனது. பொது இடம்தான், கவனியுங்கள். அங்கே இத்தாலியை 1-0 என்று தோற்கடித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த உலகக்கோப்பையில் ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதிக கோல் அடித்தவர், ஒன்பது கோல் அடித்த யூசேபியோ, மொசாம்பிக்கில் பிறந்தவர். அப்போது அது போர்ச்சுகலின் காலனி. அதனால் போர்ச்சுகல் சட்டை போட்டு ஆடினார்.

விலகியதால் ஆப்பிரிக்காவுக்கு என்ன கிடைத்தது? 1970 உலகக்கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கென்று தனியாக ஓர் இடம். அதில் மொராக்கோ போனது. 2026இல் ஆப்பிரிக்காவுக்கு நேரடியாக ஒன்பது இடம். அன்று பதினைந்து பேர் சேர்ந்து வீட்டில் இருந்ததில்தான் அது தொடங்கியது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்துக்கு இந்தியா போயிருந்தது. நம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் உச்சத்தில் இருந்த நேரம். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. பட்டியலில் இன்றும் அந்த ஆண்டுக்கு அவர்கள் பெயர்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து நாம் யாரும் தலைகுனிவதில்லை.

இப்போது பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

2022 மார்ச்சில் மாஸ்கோவில் போலந்து, ரஷ்யாவுடன் தகுதிச்சுற்றில் ஆட வேண்டியிருந்தது. பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. போலந்து ஆட மறுத்தது. அந்த ஆட்டத்தில் வெல்பவரோடு மோதவிருந்த ஸ்வீடனும் செக் நாடும் மறுத்தன. முதலில் ஃபிஃபா என்ன சொன்னது தெரியுமா? ரஷ்யா கொடியில்லாமல், நாட்டுப்பண் இல்லாமல், கால்பந்துச் சங்கத்தின் பெயரில், பொது இடத்தில் ஆடலாம் என்றது. மூன்று நாடுகளும் திரும்பவும் முடியாது என்றன. மறுநாளே, பிப்ரவரி 28 அன்று, ரஷ்யாவை நிறுத்தி வைத்தார்கள். போலந்து நேரே அடுத்த ஆட்டத்துக்குப் போய், ஸ்வீடனை 2-0 என்று வென்று கத்தார் போனது.

1973இல் மறுத்தவர் பெயருக்கு நேரே 'தோல்வி' என்று எழுதினார்கள். 2022இல் மறுத்தவர் தோற்கவில்லை, படையெடுத்தவர் வெளியே போனார். இது முன்னேற்றம்தானே? ஆமாம். முழு நியாயமா? இல்லை. 2003இல் அமெரிக்கா ஈராக்குக்குள் படையோடு போனது. அடுத்த உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் அமெரிக்காவை யாரும் நிறுத்தவில்லை, ஆட மறுக்கவும் இல்லை. 2006இல் ஜெர்மனியில் ஆடவும் செய்தது.

"அப்போ இது ஓரவஞ்சனைதானே தாத்தா?" என்றான் பேரன்.

"ஆமாடா. ஆனா ஓரவஞ்சனைன்னு சொல்லி யாரையும் நிறுத்தாம விடறதா, எல்லாரையும் ஒரே ஸ்கேல்ல அளக்கச் சொல்லிக் கேக்கறதா? எது சரி?"

அவன் யோசித்தான். எழுந்து போய்விட்டான். சின்னப் பையன், அவ்வளவு போதும்.

இனி, அவனிடம் சொல்லாத கதை.

1990களின் நடுவில் நான் ஒரு நடுநிலைப்பள்ளியில் இருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. ஆர்வம் இருந்ததால் விளையாட்டு என் பொறுப்பு. அந்த வருடம் குறுவட்டக் கால்பந்துப் போட்டி எங்கள் ஊர் மைதானத்தில். அட்டவணை போட்டவன் நான். எங்கள் முதல் ஆட்டம் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு. அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனிப் பிள்ளைகள். அந்த வாரம் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் தகராறு. இரண்டு பக்கமும் அடிதடி. மைதானத்துக்கு வர வேண்டுமானால் எங்கள் ஊர்த் தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் அந்தப் பள்ளி ஆசிரியர் டி.வி.எஸ். 50இல் என் வீட்டுக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"சார், பெத்தவங்க புள்ளைங்கள அனுப்ப பயப்படுறாங்க. யூனியன் ஆபீஸ் பக்கத்துல இருக்கிற மைதானத்துல வச்சுக்கலாமா? நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொன்னேன்: "அட்டவணை போட்டு மேல அனுப்பியாச்சு சார். இனி மாத்த முடியாது."

மாற்றியிருக்கலாம். ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு சைக்கிள் பயணம். மாற்றினால் ஊர்ப் பெரியவர்கள் "அவங்களுக்காக மாத்தினீங்களா வாத்தியாரே?" என்று கேட்பார்கள் என்ற பயம் எனக்கு. அதோடு, சொந்த மைதானத்தில் ஆடினால் எங்கள் பிள்ளைகள் எளிதாக ஜெயிப்பார்கள் என்ற ஆசையும் இருந்தது. இரண்டையும் வெளியே சொல்ல முடியாது. அட்டவணையைச் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. கால் மணி நேரம் பார்த்தோம். நடுவராக வந்திருந்தவர் விசில் ஊதினார். நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பையன் ஒருவன் விளையாட்டாகப் பந்தை உருட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கக் கோலில் அடித்தான். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போது ஒரு பையன், அணியிலேயே சின்னவன், என்னிடம் வந்து, "சார், நாம ஜெயிச்சுட்டோமா?" என்று கேட்டான். "ஆமாடா" என்றேன்.

சில வருடம் கழித்துத் தேர்தல் பணியில் அந்த ஆசிரியரும் நானும் ஒரே வாக்குச்சாவடியில். ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். பழைய விஷயத்தை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஓர் இரவு முழுக்க நேரம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

சாந்தியாகோ மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆட்டம் நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்த அந்த இரண்டு பேர்மீது எனக்கு நிறையக் கோபம் உண்டு. படிக்கிறபோதெல்லாம் கோபம் வரும். பிறகு என் வாசலில் நின்ற டி.வி.எஸ். 50 ஞாபகம் வரும். அவர்களாவது சிறையைப் பார்க்கவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் ஒருவர் நேரில் வந்து சொன்னார்.

அந்த தேசிய மைதானம் இன்றும் சிலியின் முக்கிய மைதானம்தான். புதுப்பித்துவிட்டார்கள். ஆனால் ஒரு பகுதியில் மட்டும் பழைய மரப் பெஞ்சுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கூட்டம் வந்தாலும் அங்கே யாரும் உட்காருவதில்லை. நினைவை இழந்த மக்களுக்கு எதிர்காலம் இல்லை என்ற பொருளில் ஒரு வாசகம் மேலே இருக்கிறது.

எங்கள் ஊர் மைதானத்தில் அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் இதை இங்கே எழுதி வைக்கிறேன். பேரனிடமும் இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதாக இருக்கிறேன். "ஏன் தாத்தா மாத்தல?" என்று கட்டாயம் கேட்பான். பயந்துட்டேன்டா என்று சொல்லப் போகிறேன்.

இன்றைக்கும் குறுவட்டப் போட்டி நடத்துகிற ஆசிரியர்கள் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு பள்ளி வரவில்லை என்றால், விசில் ஊதிய பிறகாவது அந்த ஆசிரியருக்கு ஒரு போன் போட்டு, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். ஆட்டத்துக்கு முன்பே கேட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்